ரேடியோ செட்டை நிறுத்தி ஊரை அளந்த கதை

அன்பு மகள் ஏஞ்சலினுக்கு உன் அம்மா பிலோமி எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் ஆடு குட்டிகளும் சுகமாக இருக்கிறோம். அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை சாம்ராஜும், உன் வயிற்றுக்குள் இருக்கிற எங்கள் பேரனோ பேத்தியோ அதுவும், ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி இதை ஆரம்பிக்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன லெட்டர் என்று நீ சிரிப்பாய். போனில் நான் எங்கே தாயி பேச முடிகிறது, நான் ஹலோ சொல்வதற்குள் உன் அப்பா பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டு மைக் டெஸ்டிங் மாதிரி கத்த ஆரம்பித்துவிடுகிறார், அடுத்த தெருக்காரர்கள் எல்லாம் உன் மசக்கை எப்படி இருக்கிறது என்று என்னிடம் விசாரிக்கிறார்கள். அதனால் மல்லிப் பொடியும் மிளகாய் வற்றலும் வைத்த இந்தப் பார்சலுக்குள்ளேயே நடந்ததை எல்லாம் எழுதி வைக்கிறேன். சிரித்துச் சிரித்து எனக்கு இன்னும் விலா வலிக்கிறது, நீ மட்டும் கொஞ்சம் பார்த்துச் சிரி.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன், அடக்கி வைத்தால் எனக்குத் தலை வெடித்துவிடும். நம் வீட்டுக்குப் பின்னால் மாரிச்சாமி அண்ணன் மல்லிக்காட்டில் நடுவதாக இருந்த, கரண்டு எடுக்கிற அந்த ராட்சசக் காற்றாடி அங்கே வரவில்லை, வரவே வராது! மாப்பிள்ளையிடம் இதை இன்றைக்கே சொல்லு. அன்றைக்கு அவர் போனில், அத்தை, உங்க வீட்டு மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, காத்தாடிக்குப் பக்கத்துல குடியிருந்து நாங்க பட்டுட்டோம், ராவெல்லாம் தலைக்கு மேல யாரோ சேலையை உதறுற மாதிரியே இருக்கும், பச்சப்பிள்ளைய வச்சுக்கிட்டு அங்க எப்படி, பிரசவத்த இங்கயே பாத்துக்கிறோம் என்று சொன்னாரே, நான் சரி மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனாலும் என் ஒரே பிள்ளைக்குத் தலைப்பிரசவம், கையைப் பிடிக்க நான் இல்லாமல், வெந்நீர் வைத்து ஊற்ற நான் இல்லாமல், கண்காணாத தேசத்தில் எப்படி என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை தாயி. அந்தக் காற்றாடியை எப்படியாவது தள்ளி வைக்க வேண்டும், இல்லையென்றால் அதன் வாயையாவது கட்ட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

காற்றாடியே வேண்டாம் என்று ஊரில் யாரும் சொல்லவில்லை. மானாவாரிக் கரிசலில் மழை ஏமாற்றினால் நிலத்துக்காரர்களுக்குக் குத்தகையாவது வரட்டும் என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு. சத்தத்துக்கு மட்டும் நிபந்தனை போட வேண்டும், அதை ஒத்துக்கொண்டால்தான் ஊராட்சியில் ஒப்புதல் என்று தலைவர் நல்லமுத்து அண்ணன் உறுதியாக நின்றார். அந்த நிபந்தனை எப்படி என்று கேட்டுக்கோ. காற்றாடி வருவதற்கு முன்னாடியே ஊரில் வழக்கமாக எவ்வளவு சத்தம் இருக்கிறது என்று மிஷின் வைத்து அளப்பார்களாம், அதைவிடக் கொஞ்சம்தான் காற்றாடிச் சத்தம் கூடலாமாம், அதற்கு மேலே போனால் கம்பெனிக்காரர்கள் வேகத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் நிறுத்த வேண்டும். அதாவது ஊர் எவ்வளவு அமைதியோ, காற்றாடியும் அவ்வளவு அடங்கி இருக்க வேண்டும். அளப்பதற்குக் கோயமுத்தூரில் இருந்து சுகப்பிரியா என்று ஒரு இஞ்சினியர் பிள்ளை வந்தது, நல்ல லட்சணமான பிள்ளை, வாய் நிறைய ங்க போட்டுப் பேசும். நம் வீட்டுப் பின்பக்கத்தில் மூன்று கால் ஸ்டாண்டு ஒன்றை நட்டு, உச்சியில் பஞ்சு உருண்டை மாட்டிய மைக்கை வைத்து, இது பாட்டுக்கு ராப்பகலா அளந்துக்கிட்டு இருக்குமுங்க, யாரும் தொட வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டு அருப்புக்கோட்டை லாட்ஜுக்குப் போய்விட்டது.

உன் அப்பாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா? கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கோயில் கொடை என்று காலமெல்லாம் ரேடியோ செட் கட்டுகிற மனுசன். பந்தல்குடி சௌடப்பன் செட்டா நம் செல்வதுரை செட்டா, யார் குழாய் ஸ்பீக்கர் அதிக தூரம் கேட்கும் என்பதுதான் அவர் வாழ்க்கையில் ஒரே கேள்வி. அந்தப் பஞ்சு மைக்கைக் கண்டதும் அவருக்கு நிலைகொள்ளவில்லை. இது காற்றாடிக்காக வைத்தது, உங்க செட்டுக்காக இல்லை என்று நான் தலைபாடாய் அடித்துக்கொண்டேன். இருக்கட்டும் பிலோமி, அளக்குறதோட அளக்குறதா நம்ம செட்டையும் அளந்துக்கிரட்டும், கெவருமெண்டு கணக்குல நம்ம சவுண்டு ஏறிருச்சுன்னா அந்தச் சௌடப்பன் அப்புறம் வாயத் தொறப்பானா என்றார். அந்த வாரம் பார்த்து மாரிச்சாமி அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து, முனியசாமி கோயிலில் பொங்கல். கேட்க வேண்டுமா! வேப்பமரத்தில் ஒரு குழாய், தண்ணீர்த் தொட்டியில் ஒரு குழாய், எல்லாம் ஊரைப் பார்க்காமல் நம் வீட்டுப் பின்பக்கத்தைப் பார்த்துத் திரும்பி நின்றன. விடியக்கருக்கலில் ஆரம்பித்தால் போலீஸ் வண்டி வந்து சொல்லுகிற வரைக்கும் ஓயவில்லை. நம் வெள்ளாடு இரண்டு நாள் தழை தின்னவில்லை என்றால் பார்த்துக்கோ. இடையில் ஒரு தடவை சுகப்பிரியா வந்து காதைப் பொத்திக்கொண்டு, இது எப்பவும் இருக்கிற சத்தமுங்களா என்று கேட்டது. ஊரே ஒரே குரலில், ஆமா தாயி, இது எங்க ஊருல எப்பவும் உள்ளதுதான் என்று சொன்னது. வந்த பிள்ளையிடம் ஊர்ப் பெருமையை விட்டுக்கொடுக்க முடியுமா? உன் அப்பா ஒரு படி மேலே போய், இது கொறச்சலும்மா, பங்குனியில வந்து பாருங்க என்றார்.

அடுத்து வந்தது கிராம சபைக் கூட்டம். கம்பெனி ஆபீசர் உதயகுமார் எழுந்து, உங்க ஊரோட சாதாரணச் சத்தமே அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டைத் தாண்டிருச்சு என்று ஆரம்பித்தார். உன் அப்பா சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார், சிலர் கைகூடத் தட்டினார்கள். உதயகுமார் சிரித்துக்கொண்டே, அதனால எங்க காத்தாடி அதுக்கும் மேல கொஞ்சம் சத்தம் போட்டாலும் நிபந்தனைக்கு உள்ளதான், செல்வதுரை வீட்டுக்குப் பின்னாலயே தாராளமா நடலாம் என்று முடித்தார். தட்டின கை அப்படியே நின்றுவிட்டது. அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே, வேர்த்து ஊற்றிவிட்டது, என்னைப் பார்க்கிறார், தரையைப் பார்க்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு எப்படி எழுந்து நின்றேன் என்றே தெரியாது. ஐயா, நீங்க அளந்தது எங்க ஊரை இல்ல, எங்க வீட்டுக்காரர அளந்துருக்கீக என்று சொன்னேன். அவ்வளவுதான், கூட்டம் கொல்லென்று சிரித்துவிட்டது. நான் சிரிக்கவில்லை. என் மகள் தலைப்பிரசவத்துக்கு வரணும், பிறக்கிற பிள்ளை அந்த வீட்டுலதான் தூங்கணும், இவுக கூத்துக்கு என் பிள்ளைய வரவிடாம ஆக்கிறாதீக, செட்டை நிறுத்திட்டு மறுபடி அளங்க என்றேன். சுகப்பிரியா உடனே எழுந்து, நான் கேட்டப்ப எல்லாரும் ஆமான்னீங்களேங்க என்று பாவமாகச் சொல்லிவிட்டு, இந்த அளவை வச்சு நான் கையெழுத்துப் போட மாட்டனுங்க, திரும்ப அளக்கிறேன் என்றது. உதயகுமார் முணுமுணுத்தார். ஆனால் அளந்த ஆளே தப்பு என்று சொன்ன பிறகு அவரால் என்ன செய்ய முடியும்?

அதற்கப்புறம் நடந்ததுதான் கூத்து தாயி! மறுபடி மைக்கை நட்ட அன்றையிலிருந்து ஊரே ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது. டவுனு பஸ்ஸு டிரைவரை வழியிலேயே மறித்து ஆரன் அடிக்காதே என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். குழாயடியில் குடம் உரசினால்கூட உஸ்ஸு என்று ஒரு அதட்டல். நல்லமுத்து அண்ணன் தும்மல் வந்தால் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கண்மாய்ப் பக்கம் ஓடினார். ஒரு சேவல் மேல் கூடையைப் போட்டுக் கவிழ்த்து அதன்மேல் சாக்கும் போட்டிருந்ததைச் சுகப்பிரியா பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தது. கூட்டியும் காட்டக் கூடாது, குறைச்சும் காட்டக் கூடாதுங்க, நீங்க நீங்களாவே இருங்க, சேவலைத் திறந்துவிடுங்க என்றது. சரி என்று சேவலைத் திறந்துவிட்டோம், பஸ்ஸு ஆரன் அடித்தது, நானும் பழையபடி ஆட்டைத் திட்ட ஆரம்பித்தேன். ரேடியோ செட் மட்டும் மூட்டைகட்டி உள்ளே கிடந்தது. இடையில் பால்ச்சாமி வீட்டுச் சடங்கு வந்தது, பாட்டு இல்லாமல் சடங்கா என்று அவர் குதித்தார். உன் அப்பா அவர் வீட்டுக்கே போய், எம்மகளுக்காக இந்த ஒரு தடவை பொறுத்துக்கோங்க மச்சான் என்று கெஞ்சியிருக்கிறார். சடங்கு வீட்டில் அப்பா கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இலை எடுத்துக்கொண்டு திரிந்தார், பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது பாவமாகவும் இருந்தது.

அந்த நாட்களில்தான் எனக்கு ஒன்று தெரிந்தது. இவ்வளவு அமைதியான வீடா இது என்று பயந்துவிட்டேன் ஏஞ்சலின். காட்டுக்குள் மல்லிச்செடி அசைகிறது கேட்கிறது, ஆடு அசைபோடுகிறது கேட்கிறது, உன் குரல் மட்டும் இல்லை. நீ போனதில் இருந்து உன் அப்பா எதற்காக எப்போதும் எதையாவது பாட விட்டுக்கொண்டே இருந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சரி, அழுகை வேண்டாம், சந்தோசத்தைக் கேளு. இரண்டாவது அளவில் நம் ஊர் அவ்வளவு அமைதி என்று வந்துவிட்டது! வீட்டுக்குப் பின்னால் காற்றாடி நட்டால் எந்தக் கணக்கிலும் நிபந்தனைக்குள் வராது என்று சுகப்பிரியாவே சொல்லிவிட்டது. கண்மாயைத் தாண்டி, கருவேலங்காட்டுக்கும் அந்தப் பக்கம், பரளச்சிப் பாதையில் தள்ளி நடப் போகிறார்கள். அங்கே இருந்தும் ராத்திரியில் அளவு தாண்டினால் இறக்கையின் வேகத்தைக் குறைக்க வேண்டும், ஆடிக் காற்று முடிகிற வரைக்கும் அளக்கிற மைக் ஊரிலேயே இருக்க வேண்டும், யாராவது தூக்கம் கெடுகிறது என்று புகார் சொன்னால் கம்பெனி ஆள் நேரில் வந்து பார்க்க வேண்டும். எல்லாம் ஒப்புதலிலேயே ஏற்றியாகிவிட்டது. இதை ஊருக்கு எல்லாம் கேட்கும்படி வாசித்துச் சொல்ல வேண்டும் என்று தலைவர் சொன்னாரே பார், வாசித்தது யார் என்று நினைக்கிறாய்? உன் அப்பாதான்! அதுவும் ரேடியோ செட் கட்டி, இரண்டு குழாயிலும் முழுச் சத்தம் வைத்து, ராத்திரி நேரத்தில் சத்தம் கூடாது என்று ஊர் அதிர அதிர வாசித்தார். சுகப்பிரியா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அம்மா, இதே நிபந்தனையை உங்க வீட்டுக்காரருக்கும் போடலாமுங்களா என்று கேட்டது. பெண்கள் எல்லாரும் குலவை போட்டோம். எனக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவே இல்லை.

ஆனால் யாரும் அவருக்கு நிபந்தனை போட வேண்டியிருக்கவில்லை. நேற்றுக் காலையில் நான் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருக்கிறேன், மொட்டை மாடியில் டொக் டொக் என்று சத்தம். ஏறிப் பார்த்தால், உனக்கு ஞானஸ்நானம் நடந்த வருசத்தில் இருந்து அங்கேயே இருக்கிற நம் பெரிய குழாயை அவரே ஸ்பானர் வைத்துக் கழற்றிக்கொண்டிருக்கிறார். போலீஸ் சொல்லியும் இறக்காத குழாய், பாதிரியார் சொல்லியும் இறக்காத குழாய். என்ன பண்றீக என்று கேட்டேன். திரும்பிப் பார்க்காமல், பிள்ளை வந்துட்டா பகல்லயும் தூங்கணும்ல என்றார். அவரிடம் நான் எப்படிச் சொல்லுவேன் தாயி, நீ வருகிறாய் என்று இன்னும் ஒரு வார்த்தைகூட எங்களிடம் சொல்லவில்லையே.

மாதா உன்னையும் உன் வயிற்றையும் காக்கட்டும், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம், இரும்புச்சத்து மாத்திரையை மறக்காமல் போடு, பிளேனில் ஏற்ற மாட்டார்கள் என்கிற மாதத்துக்கு முன்னாடியே டாக்டரிடம் கேட்டுவிடு. பதிலை லெட்டரில் எழுதிக் காக்க வைக்காதே, போன் பண்ணு, அப்பாவே எடுக்கட்டும், அவரிடமே சொல்லு.

உன் வாய்ச்சொல்லுக்குக் காத்திருக்கும்
அம்மா பிலோமி