ஜெனிஷாவுக்குச் சோறு ஊட்டும்போது

ஹெலன்,

கம்பெனி பஸ் வந்துவிட்டது. நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுத் தூங்குகிற உன்னை எழுப்ப மனமில்லை.

நேற்று, "இன்னாய்யா பண்ற, கொழந்த மூச்சு முட்டிக்கினு கீது!" என்று நீ கத்தினாயே, அது சரிதான். ஒன்றரை வயதாகியும் பாலைத் தவிர எதுவும் இறங்கவில்லையே என்ற பயத்தில் சோற்றை அவள் வாயில் திணித்துவிட்டேன்.

குழைத்த பருப்புசாதம் கிண்ணத்தில் இருக்கிறது. நிமிர்த்தி உட்காரவை. அவளே கையால் தொட்டுப் பார்க்கட்டும். குமட்டினால் நிறுத்திவிடு, விரலை உள்ளே விடாதே. நர்ஸம்மா அப்படித்தான் சொன்னார்.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரி. மூன்று மாதமாக எடை ஏறவில்லை என்று மறக்காமல் சொல். லீவு கேட்டுக் கெஞ்சினேன், தரவில்லை.

சகாயம்

இதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் பால் குடித்தவளுக்கு முகம் துடைக்கக் கை நீட்டினேன். என் கையைப் பார்த்ததும் வாயை இறுக மூடிக்கொண்டாள்.