வலிக்காத கால்

தை 5, திங்கள்
பனி. கார் கண்ணாடியைத் துடைத்தே கை விறைத்துவிட்டது. என்னிடம் டிரைவிங் கற்க இன்று முதல் ஆளாக ரோஸ்லின் டீச்சர். இன்னும் கிளட்சை மிதிக்காமலே கியர் போடுகிறார். ரெட்டியார்சத்திரம் தாண்டித் திரும்பும்போது, "சார், உங்க கால்ல ரத்தம் வருது, தெரியலையா?"

பழனிக்கு மாலை போட்டிருப்பதால் வெறுங்கால். பாதமெல்லாம் நெருஞ்சி முள். வலியே இல்லை.

வீட்டில் மனைவி மீனாவிடம் காட்டினேன். "முருகன் அருளுங்க. நடக்குறதுக்குக் காலைப் பக்குவப்படுத்துறான்." எனக்கும் பெருமைதான். இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷனுக்கு முன்னால் தெருமுனைக் கடைக்கே வண்டியில் போன ஆள். இப்போது பாதயாத்திரை.

வாங்க: சூடம், டார்ச் செல், சின்ன பெல்ட் (மறுபடியும்).

தை 8, வியாழன்
சொல்ல வெட்கம். டீச்சர் டீக்கடையைப் பார்த்து வண்டியை விட்டார். என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன். மிதித்ததாக நினைத்தேன். கால் இருந்தது தரையில். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் காலி. நல்லவேளை, யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

கடைக்காரர்: "அப்பு, கத்துக்குடுக்கிறவரே இம்புட்டுத்தானா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும். ஆனால் பயமாக இருக்கிறது. பிரேக் தெரியாத காலை வைத்துக்கொண்டு என்ன தொழில் செய்வது?

தை 9, வெள்ளி
டீச்சர் விடவில்லை. ஆஸ்பத்திரி. டாக்டரம்மா முட்டியில் சுத்தியலால் தட்டினார். கால் சும்மா கிடந்தது.

"சத்து மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?"

கார்த்திகையில் மாலை போட்ட அன்றே நிறுத்தியதைச் சொன்னேன். அந்தக் குளிகையின் உறை மாட்டு எலும்பில் செய்வது என்றார், எங்கள் பாதயாத்திரைக் குழுவின் குருசாமி. விரதத்தில் எப்படி விழுங்க? சாப்பாடும் ஒரு வேளைதான்.

டாக்டரம்மா தலையில் கை வைத்தார். "வயித்தைச் சுருக்கினவங்களுக்குச் சாப்பாட்டுச் சத்து மட்டும் பத்தாது. அந்த மாத்திரைதான் நரம்புக்குச் சோறு. இப்படிக் கால் மரத்துப்போறது அபூர்வம். நீங்க தேடிப்போய் வாங்கியிருக்கீங்க."

சரியாகுமா?

"பெரும்பாலும் ஆகும். இன்னும் விட்டிருந்தா சொல்ல முடியாது. நடையும் வண்டியும் இப்ப வேணாம்."

ஊசி. சைவமா என்று கேட்டேன். "சைவந்தான், திரும்பிப் படுங்க."

தை 15, வியாழன்
பழனி ரோட்டில் பாதயாத்திரைக் கூட்டம். நான் ஸ்டூலில் உட்கார்ந்து மோர் ஊற்றினேன். அரோகரா கேட்கும்போதெல்லாம் கண் கலங்கியது. மீனா முருகனோடு பேசுவதில்லை.

குருசாமியும் வந்தார். ரெண்டு டம்ளர் குடித்துவிட்டு மெதுவாக, "உறையில்லாத மாத்திரையும் இருக்காம்ல. விசாரிச்சேன்."

இப்போது விசாரித்தாராம்.

பங்குனி 3, செவ்வாய்
வெயில். செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்பது டாக்டரம்மா உத்தரவு. மறந்துபோய்க் கொல்லைக்குத் துணி எடுக்கப் போனேன். நாலு எட்டு வைக்கவில்லை, "அம்மா" என்று கத்திவிட்டேன்.

மீனா ஓடி வந்தாள். "முள்ளா? வலிக்குதாங்க?"

"உசுரு போகுது."

அப்படியே விட்டுவிட்டுச் சாமி அறைக்கு ஓடினாள், சூடம் ஏற்ற. முள்ளை நானே பிடுங்கிக்கொண்டேன்.