இரும்பைத் தொட்டுவிட்டு வாங்க

அன்பு மகள் உயங்காவுக்கு,

கொரியாவில் இந்தக் குளிர்காலம் உனக்கு நல்லபடியாகக் கழிகிறதா? உலான்பாத்தரில் நான், அம்மா, உன் மகள் மிஷீல் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மிஷீலின் முதல் முடியெடுப்பு நடந்து முடிந்தது. அம்மா போனில் பாதி அழுகையும் பாதிச் சிரிப்புமாகச் சொன்னதில் உனக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. பத்திரிகையில் செய்தி எழுதிய பழக்கத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

வசந்தத்தில் நீ லீவில் வரும்வரை தள்ளிப்போடலாமா என்று கேட்டாய். பெண் குழந்தைக்கு இரண்டு வயதிலோ நாலு வயதிலோ எடுத்தாக வேண்டும், வெள்ளை மாதப் புத்தாண்டு பிறந்துவிட்டால் அவளுக்கு ஐந்து என்று கணக்காகிவிடும், லாமா அதற்குள் குறித்துக் கொடுத்தது இந்த ஒரு நாள்தான். ஆனால் ஒரு வாரமாக அவள் யாரையும் தலையில் கைவைக்க விடவில்லை. வெளியே ரத்தம் உறையும் குளிர், உள்ளே வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் இரவும் பகலும் கொதித்துக் காற்று வறண்டு கிடக்கிறது. தொப்பியைக் கழற்றினால் பிறந்ததிலிருந்து வெட்டாத அந்த முடி அத்தனையும் எழுந்து நிற்கும், அம்மா பிளாஸ்டிக் சீப்போடு போவாள், படபடவென்று மின்பொறி தெறிக்கும், குழந்தை மேஜைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டு, "பாட்டி கை கடிக்குது" என்பாள். சடங்குக்கென்று நாங்கள் வாங்கிய பளபளப்பான செயற்கைப் பட்டு அங்கி அதை இன்னும் மோசமாக்கியது. கத்தரிக்கோலைப் பழக்கிக் காட்டலாமென்று நான் கொண்டுபோனபோது அவள் காதிலேயே பொறி அடித்தது. அதோடு சரி, வரவே மாட்டேன் என்றுவிட்டாள்.

வியாழக்கிழமை நீ போனில் அவளிடம் என்ன பேசினாய் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. எங்களிடம் சொன்னதையெல்லாம் செய்தோம். ஈரத் துண்டுகளைக் குழாய்மேல் விரித்தோம், பட்டு அங்கியை மடித்து வைத்துவிட்டுப் பருத்திச் சட்டை போட்டோம், அம்மா தன் கொம்புச் சீப்பைத் தேடியெடுத்து, உள்ளங்கையில் இரண்டு சொட்டு எண்ணெய் தேய்த்து முடி நுனியில் தடவினாள். முடி ஓரளவு படிந்தது. ஆனாலும் ஞாயிறு காலை வீடு நிறைய உறவுக்காரர்கள், எல்லார் உடம்பிலும் உரோமத் தொப்பியும் கம்பளியும். பிறந்த ஆண்டு பொருந்துகிறது என்று தம்தின் பெரியப்பாதான் முதலில் வெட்ட வேண்டும். மல்யுத்தத்தில் பேர் வாங்கிய அந்த ஆள், நீலப் பட்டு கட்டிய கத்தரிக்கோலோடு அவள்முன் குனிந்தார். மிஷீல் ஓரடி பின்னால் போய், "பெரிய தாத்தா, இரும்பைத் தொட்டுட்டு வாங்க, அம்மா சொன்னாங்க" என்றாள். பெரியப்பாவை இதைச் செய், அதைச் செய் என்று நம் வீட்டில் யார் சொல்லியிருக்கிறோம்? அவர் நிமிர்ந்து, "களத்துலகூட என்னை இப்படி யாரும் தள்ளி நிறுத்தினதில்ல" என்று சொல்லிவிட்டுக் குழாயிடம் போனார். "அங்க இல்ல, பெயின்ட் போன எடத்துல" என்றாள் இவள். பூச்சு உதிர்ந்து இரும்பு தெரிகிற இடத்தை அவளே முன்னதாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். அவர் விரல் வைத்ததும் பளிச்சென்று பொறி தெறித்தது, மனிதர் துள்ளிவிட்டார். "அடியாத்தி, பாப்பா சொன்னது நெசந்தான், கடிக்குது." அவ்வளவுதான், மிஷீல் தானாகவே வந்து அவர்முன் தலையைக் குனிந்தாள். முதல் முடியை வெட்டிப் பட்டுத்துணியில் வைத்து, கோடையில் ஒரு குதிரைக்குட்டி தருவதாகச் சொன்னார். பிறகு ஆளுக்கொரு கொத்து வெட்டக் காத்திருந்த எல்லாரும் குழாய்க்கு வரிசை. பூச்சின்மேல் தொட்டு ஏமாற்றப் பார்த்த ஓயுனா அத்தையைத் திருப்பி அனுப்பினாள். "உயங்கா கொரியாவுல இருந்துக்கிட்டே இந்த வீட்டை ஆளுறாளே" என்றாள் அத்தை. நான் தேநீர் ஊற்றுகிற சாக்கில் அடுக்களைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். பயந்து ஒளிந்த குழந்தை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் சடங்கை நடத்தி முடித்தாள், நீ இத்தனை தூரத்திலிருந்தே அவளை அப்படி ஆக்கியிருக்கிறாய். எனக்கு அதைவிடப் பெருமை வேறில்லை.

கடைசியில் மிச்ச முடியை வழிக்கப் போனபோது பின்னந்தலையில் ஒரு கொத்தைக் கைக்குள் பிடித்துக்கொண்டாள். "இது அம்மா வெட்டுறது." உன் அம்மா என்னைப் பார்த்தாள், நான் பெரியப்பாவைப் பார்த்தேன். "விட்டுடுங்க, சடங்கு முடிஞ்சாச்சு, அது அவ அம்மாவோட பங்கு" என்றார். இப்போது மொட்டைத் தலையில் அந்த ஒரு கொத்து மட்டும் நின்றுகொண்டிருக்கிறது, தினமும் விரலை நனைத்துப் படிய வைத்துக்கொள்கிறாள்.

உன் முடியையும் பார்த்துக்கொள். தொழிற்சாலையில் தரும் நைலான் தொப்பிக்கு உள்ளே பருத்தித் துணி கட்டு, வேளாவேளைக்குச் சூடாகச் சாப்பிடு. நீ நீண்ட ஆயுளோடு, போகிற வழியெல்லாம் நல்லதாக அமைந்து வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம். கத்தரிக்கோலைப் பட்டுத்துணியோடு அப்படியே வைத்திருக்கிறேன். ஒன்று மறந்துவிடாதே. வீட்டுக்குள் வந்ததும் ஓடிப்போய் அவளைத் தூக்காதே, முதலில் குழாயைத் தொடு, பூச்சு உதிர்ந்த இடத்தில். அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

உன் அப்பா,
பத்சூர்