சம்பு வெட்டாதீர்

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். 'ழ' போடும்போது சுழி இன்னும் தப்பிப்போகிறது. சம்பங்கோழி என்று எழுத 'ழ' வேண்டுமே, என்ன செய்ய? எத்தனை கழுவியும் கையில் குளத்துச் சேற்று வாடை போகவில்லை. இந்தத் தாளிலும் ஏறிவிட்டது. அதுதான் உன்னிடம் பேசச் சொல்கிறது.

நமக்குக் கல்யாணமான புதிதில், தஞ்சோங் காராங் வாய்க்காலில் நீ சம்புக் கோரையைக் கிழங்கோடு பிடுங்கிய நாளிலும் இதே வாடை. மோட்டார் சைக்கிளில் மூட்டையை அணைத்தபடி என் பின்னால் உட்கார்ந்து வந்தாய். என் சட்டை முதுகெல்லாம் சேறு. தோட்டத்துக் குளக்கரை அப்போது மொட்டையாகக் கிடந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று, கரையோரமாக நட்டுக்கொண்டே போனாய்.

"கொழம்பு வைக்க ஆவுமா இது?" என்றேன்.

"ஒங்களுக்கு எப்பவும் வயித்து நெனப்புதான் லா! கொளத்துல நீந்துற சம்பங்கோழி முட்ட வைக்க எடம் வேணாமா? நமக்கு லயத்து வீடு இருக்கு. அதுக்கு?"

சம்பு ஆள் உயரம் வளர்ந்தது. கோழியும் வந்தது. நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அது கத்தினால், "மண்டோர் வேலைக்குக் கூப்புடுறாரு, ஓடுங்க" என்று சிரிப்பாய்.

லயத்தை இடித்துவிட்டார்கள். நீயும் இல்லை. சம்பு மட்டும் நிற்கிறது. அதையும் வெட்டப்போவதாகச் சொன்னார்கள். கரை சுத்தமாகத் தெரிய வேண்டுமாம். கோலா சிலாங்கூர் ஞாயிறு வகுப்பில் இந்த வயதில் படித்த எழுத்தையெல்லாம் கூட்டி, ஒரு பலகையில் 'சம்பு வெட்டாதீர்' என்று சாயத்தால் எழுதினேன். இன்று விடிந்ததும் போய்ச் சேற்றில் நட்டேன்.

புல் வெட்டும் இயந்திரத்தோடு வந்தவர் பலகை முன்னால் நின்றுவிட்டார். "தாத்தா, 'வெட்டதீர்'னு போட்டிருக்கு. வெட்டவா, வேணாமா லா?"

'ட'வுக்குக் கால் போட மறந்திருக்கிறேன்!

"வேணாம்யா. உள்ள சம்பங்கோழி முட்ட வச்சிருக்கு."

எட்டிப் பார்த்தார். இயந்திரத்தைத் தோளிலிருந்து இறக்கினார். "சரி, குஞ்சு பொரிக்கட்டும்னு மொதலாளிகிட்ட சொல்றேன். மொதல்ல கால் போடுங்க, பலகை நொண்டுது."

இருவரும் சிரித்தோம். நீ இருந்திருந்தால் தோட்டம் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

கால் போட்டபின், கீழே 'சம்பங்கோழி வீடு' என்றும் எழுதினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது: கோழியின் பெயருக்குள்ளேயே சம்பு இருக்கிறது! வாயால் சொன்ன காலத்தில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து உன் பெயரை எழுதிப் பார்த்தேன், பக்கத்தில் என் பெயரை. என் பெயரின் ஓர் எழுத்து உன் பெயருக்குள் இருக்கிறது. இத்தனை வருடம் உன்னைக் கூப்பிட்டும் தெரியாமல் போயிற்று.

குஞ்சுகள் தண்ணீரில் இறங்கினவா என்று அடுத்த வாரம் எழுதுகிறேன். அதற்குள் அந்த ஓர் எழுத்தையாவது அழகாகப் போடப் பழகிவிடுவேன்.