பக்கத்து இருக்கைக்காரரை எழுப்பியவளுக்கு

சம்மந்தி,

இன்று மதியம் மருந்துக்கடையில் வாங்கி வந்த உறையைப் பிரித்தேன். விமானத்தில் போட்டுக்கொள்ளும் இறுக்கமான நீளக் காலுறை. புது ரப்பர் வாசனை குப்பென்று அடித்தது. ராயபுரம் இறால் கம்பெனியில் முதல் நாள் நமக்குக் கொடுத்த பூட்ஸின் அதே வாசனை. உடனே உன்னோடு பேச வேண்டும் போல் ஆகிவிட்டது. நாளைக்கு நான் லண்டன் போகிறேன். நம் பிள்ளைகளுக்கு இரண்டாவது குழந்தை பிறக்கப் போகிறது. இந்தத் தடவை தனியாகப் போகிறேன். கையும் காலும் ஓரிடத்தில் நிற்கவில்லை; பெட்டியை மூன்று முறை அடுக்கிக் கலைத்துவிட்டேன்.

இருபத்தைந்து வருடம் எதிரெதிரே நின்று இறால் உரித்தோம். என் மகள் நர்ஸ் ஆனாள். உன் மகன் காட்டுப்பள்ளியில் கப்பல் வெல்டிங் கற்றுக்கொண்டான். இருவரும் எங்கே, எப்போது பேசிக்கொண்டார்கள் என்பதை நம்மால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து நீ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டாய். கொருக்குப்பேட்டைத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி "சம்மந்தி" என்று கத்துவாய்.

கல்யாணமாகி லண்டனில் குடியேறிய பிள்ளைகள், மகளுக்கு முதல் பிரசவம் நெருங்கியபோது நம் இருவரையும் வரச் சொன்னார்கள். நமக்கு அதுதான் முதல் விமானம். ஜன்னல் ஓரம் நான், நடுவில் நீ, நடைவழி ஓரம் கோட்டு போட்ட ஒருவர். அவர் ஏறியதும் தூங்கிவிட்டார். அவரை எழுப்ப எனக்குக் கூச்சம். எழுந்திருக்க வேண்டாமென்றால் தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டும். பதினோரு மணி நேரம் உதடு வெடிக்க அப்படியே உட்கார்ந்திருந்தேன். நீயோ மணிக்கொரு தரம் அவர் தோளைத் தட்டினாய். "கொஞ்சம் வழி வுடு சார், காலு மரத்துப் போச்சு." நாலாவது தடவை அவரே சிரித்துக்கொண்டு எழுந்து உன் பின்னால் நடந்தார். என்னையும் கூப்பிட்டாய். நான் தூங்குவது போல் இருந்துவிட்டேன். இறங்கும்போது என் செருப்புக்குள் கால் நுழையவில்லை.

மூன்றாம் நாள் இடது கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. பிள்ளைத்தாச்சியிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று மறைத்தேன். மறுநாள் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. படியிலேயே உட்கார்ந்தவளைப் பார்த்து நீ கீழே மண்டியிட்டாய். இரண்டு கையால் என் இரண்டு காலையும் பிடித்துப் பார்த்தாய். கம்பெனியில் எத்தனை பேர் கால் வீங்கிப் பார்த்திருக்கிறோம். வீங்கினால் இரண்டும் சேர்ந்துதான் வீங்கும்.

"இன்னா சம்மந்தி, ஒரு காலு மட்டும் நெருப்பா சுடுது?"

மகளிடம் சொல்லாதே என்று உன் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். சொன்னால் ஜென்மத்துக்கும் பேசமாட்டேன் என்றுகூடச் சொன்னேன்.

"உசுரோட இருந்து கோச்சிக்கோ," என்று சொல்லிவிட்டு நீ மாடிக்கு ஓடினாய்.

மகள் என் காலைப் பார்த்த மாத்திரத்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். காலில் ரத்தம் உறைந்து, அதில் ஒரு துணுக்கு நுரையீரலுக்குப் போயிருந்தது. மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்தால் சிலருக்கு இப்படி ஆகும், இன்னும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னதை, மகள் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். பாதியில் நிறுத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு வலி எடுத்துவிட்டது.

அன்றைக்கு நீ ஓடிய ஓட்டம்! அதே ஆஸ்பத்திரியில் எனக்குக் கீழ்த்தளம், அவளுக்கு மூன்றாவது மாடி. உன் மகன் வேலையிடத்திலிருந்து வந்து சேரும்வரை நீ ஒருத்திதான். ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாமல் லிஃப்டில் ஏறி இறங்கினாய். இங்கே வந்து என் நெற்றியைத் தொடுவாய், அங்கே போய் அவள் முதுகைத் தடவுவாய். நீ கூப்பிடுவதைக் கேட்டு அந்த ஊர் நர்சுகள் என் பேரே சம்மந்தி என்று நினைத்துவிட்டார்கள். ஊசி போடும்போது அப்படியே என்னைக் கூப்பிட்டார்கள். மூச்சு முட்டிக்கொண்டிருந்த எனக்கு அதிலும் சிரிப்பு வந்தது.

விடிந்து கொஞ்ச நேரத்தில் நீ கதவருகே வந்து நின்றாய். புடவை கசங்கி, தலை கலைந்து, முகமெல்லாம் பல்.

"பொண்ணு. உன் மூக்குதான் வந்துகீது. இன்னா பண்றது, வளர வளர சரியாப்பூடும்."

ஐந்து மாதம் மாத்திரை சாப்பிட்டு, டாக்டர் சரி என்ற பிறகுதான் திரும்பினோம். வரும்போது விமானத்தில் நீ என்னை உட்காரவே விடவில்லை. இரண்டு பேரும் வால்பக்கம் போய் நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினோம். கடைசியில் இன்னும் நாலு பேர் நம்மோடு சேர்ந்துகொண்டார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு மதியம் சாப்பிட்டுப் படுத்த நீ எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். நான் வள்ளூரில் தங்கை வீட்டிலிருந்து வந்து சேர்வதற்குள் உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். உன் காலைத் தொட்டேன். இரண்டும் ஒரே மாதிரி சில்லென்றிருந்தன. உனக்கு வலித்ததா, யாரிடமும் சொல்லாமல் இருந்தாயா? உன்னைப் போல் பிடித்துப் பார்க்க நான் பக்கத்தில் இல்லாமல் போனேன். அந்த வருத்தம் தீராது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நேற்று டிக்கெட் விஷயமாக விமானக் கம்பெனிக்கு நானே போன் செய்தேன். நடைவழி ஓரத்து இருக்கைதான் வேண்டும் என்றேன். ஏன் என்று அந்தப் பெண் கேட்டாள். எனக்கு முன்பு ஒரு தடவை காலில் ரத்தம் உறைந்திருக்கிறது, நான் நிறையத் தண்ணீர் குடிப்பேன், அடிக்கடி எழுந்து நடப்பேன் என்று ஒரு மூச்சில் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அறுபது வயதில், எனக்கென்று ஒன்றை வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"சரிம்மா, போட்டுட்டேன்," என்றாள்.

அவ்வளவுதான், சம்மந்தி. கேட்டதும் கொடுத்துவிட்டாள்.