உடைக்காமல் எடுக்கச் சொன்னவளுக்கு

இன்று காலை பருத்தி எடுக்கையில் ஒரு சொத்தைக் காய் கையில் அகப்பட்டது. பார்வைக்கு நல்ல காய்தான்; வெடிக்காமல் கனத்ததில்தான் சந்தேகம். அமுக்கினால்தான் உள்ளிருப்பது தெரியும். அமுக்காமல் மடியில் தனியாக முடிந்துகொண்டேன்.

"அதை உடைச்சிராதிய. உள்ள என்ன கெடக்குன்னு யாருக்குத் தெரியும்? சிந்துச்சுன்னா பருத்தி அம்புட்டும் கறையாயிரும்." நீ வைதது இன்னும் காதில் நிற்கிறது. எனக்கு எழுதத் தெரியாது. சொல்லச் சொல்ல நம் மகள் எழுதுகிறாள்.

உனக்கு உதிரப்போக்கு நிற்காமல் இருந்த அந்த மாசியில், ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மா கர்ப்பப்பையில் கட்டி என்றார். "சாதாரணக் கட்டிதான். வயித்தக் கிழிச்சு முழுசா எடுத்துரலாம். மூணு மாசம் கனம் தூக்கக் கூடாது."

நீ விரல்விட்டு எண்ணினாய். பங்குனியில் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தாய். எடுக்காவிட்டால் கட்டி திரும்ப வந்துவிடும் என்று உனக்குப் பயம்.

மதுரையில் அப்போதுதான் புது வைத்தியம் வந்திருந்தது. சின்னத் துளை போட்டு, கட்டியை வயிற்றுக்குள்ளேயே மிஷினால் துண்டு துண்டாக்கி உருவிவிடுவார்கள். சீக்கிரம் எழுந்து நடக்கலாம். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் கைநாட்டு வைத்தேன்.

தீச்சட்டியை இறக்கிவிட்டு வந்து சிரித்தாய். "வயித்துல கிழிச்ச தழும்பு கூட இல்ல. கைநாட்டுன்னாலும் எங்க வீட்டுக்காரர் வெவரந்தான்."

ஆடியில் வயிறு ஊதியது. மதுரை டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "கட்டிக்குள்ள புற்று ஒளிஞ்சிருந்திருக்கு. வெளிய பாத்தா தெரியாது. நறுக்கும்போது துகள் உள்ள சிதறியிருக்கும்யா."

முழுசாக எடுத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். தை பிறக்குமுன் போய்விட்டாய்.

சொத்தைக் காய்க்காக நீ என்னை வைதது, நான் கைநாட்டு வைப்பதற்குச் சில நாள் முன்புதான்.

இப்போது இதை எழுதுகிறவளுக்கும் கட்டி. போன வாரம் ராஜபாளையத்தில் ஒரு டாக்டர் பெண், சாதாரணக் கட்டி, துளை போட்டே எடுக்கலாம் என்றாள்.

"உடைக்காம எடுப்பியளா?" என்றேன்.

அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. "முதல்ல நல்லா பரிசோதிச்சுருவோம். சந்தேகம்னா வயித்தத் திறந்து முழுசாவே எடுப்போம். இதை யாரு சொன்னா தாத்தா?"

"எங்க வீட்டுக்காரி. அவ சொல்லி முப்பது வருசம் ஆச்சு. எனக்கு இப்பத்தான் காதுல விழுந்துச்சு."

மகள் பேனாவை வைத்துவிட்டாள். என் மடி முடிச்சைப் பார்த்துவிட்டு மறுபடி எடுத்தாள். காய் இன்னும் உடையாமல் என் மடியில் இருக்கிறது.