மோசம் போயிட்டார்

அன்புள்ள உங்களுக்கு,

ஜொகூரில் மழையா என்று கேட்டுத்தான் தொடங்க நினைத்தேன். முடியவில்லை. இரண்டு தாளைக் கசக்கிவிட்டேன்.

காலையில் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். "எதிர்வீட்டு மாஸ்டர் மோசம் போயிட்டார், பிள்ளை" என்றார்.

"யாரு மாமி ஏமாத்துனா?"

மாமி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "செத்துப்போனார் எண்டு சொல்றன்."

உங்கள் வீட்டு யாழ்ப்பாணத் தமிழ் எனக்குப் பிடிபடவில்லை என்று கேலி செய்வீர்களே. நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். அதற்குள் கிளிநொச்சி அக்காவின் குரல் நினைவுக்கு வந்துவிட்டது. பிப்ரவரியில், அகதிகள் அலுவலகத்தில் நான் மொழிபெயர்த்த நேர்காணல். "என்ட மனுசன் மோசம் போயிட்டார்" என்றார். கணவரை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார்.

அடுத்த நேர்காணலில் வேறொருவர் மொழிபெயர்த்தார். கணவர் இறந்துவிட்டதாகப் பதிவானது. பேச்சு முரண்படுகிறது என்று, அக்காவையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்க இருந்த நாடு போன வாரம் மறுத்துவிட்டது. அக்கா பொய் சொல்லிவிட்டாரே என்று போனில் உங்களிடம் கோபப்பட்டவளும் நான்தான்.

இப்போது அந்த அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். பிழை என்னுடையது என்று சொன்னால் வேலை போகும். போகட்டும்.

மேல்முறையீட்டுத் தாளோடு அக்காவும் வந்திருக்கிறார். என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, இந்த முறையும் நீங்களே கதைப்பீங்களோ? அண்டைக்கு வடிவா எடுத்துச் சொன்னீங்கள்."

அதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிடுவேன். இவரிடம் எந்தத் தமிழில் சொல்ல?

உங்கள் வீட்டுத் தமிழ் படிக்காத,
உங்கள் மனைவி